மன்னிப்புக் கடிதம் எழுதாதே, மீனா

சிவமயம்
பள்ளத்தூர்

அன்பு மகள் மீனாளுக்கு,

அப்பச்சி எழுதுவது. கணக்குதாரர் நேரில் வராமல் நீ பணம் கொடுத்தது குறித்து வங்கி நிர்வாகம் உன்மேல் கொடுத்திருக்கும் குற்றப்பத்திரிகையின் நகலை வரி விடாமல் படித்துவிட்டேன். தொலைபேசியில் நீ அழுதுகொண்டே பேசியதால் அன்று சொல்ல வேண்டியதை முழுவதும் சொல்ல முடியவில்லை. இனி நீ எழுதும் ஒவ்வொரு வரியும் கணக்கில் வரப்போகிற காலம் என்பதால், நிதானமாகப் படித்துக்கொள்ளும்படி கடிதமாகவே எழுதுகிறேன்.

முதலில் அம்மான் சொன்ன யோசனையைப் பற்றி. "நடந்தது என் தவறுதான், மன்னித்துவிடுங்கள்" என்று ஒரு பக்கம் எழுதி மண்டல அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் விஷயம் அத்துடன் அமுங்கிவிடும் என்றும், விசாரணை, சாட்சி, சங்கம் என்று இழுத்துக்கொண்டு போக வேண்டாம் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். உன் கிளை மேலாளரும் அதையே சொன்னதாகச் சொன்னாய். அம்மான் உன் மேல் உள்ள பாசத்தால் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தக் கடிதத்தை நீ எழுதக் கூடாது. பெற்றவன் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து, சங்கத்தின் கிளைச் செயலாளராக இருந்து, சக ஊழியர்களுக்காக விசாரணைகளில் உட்கார்ந்தவன் என்ற முறையிலும் சொல்கிறேன்.

வங்கி ஊழியர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எப்படி நடக்க வேண்டும் என்பதை, வங்கி நிர்வாகங்களின் அமைப்பான இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் 2002 ஏப்ரல் 10-ஆம் நாள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வரையறுக்கிறது. விசாரணை நடத்தத் தேவையில்லாத சில சூழ்நிலைகளையும் அது குறிப்பிடுகிறது. பணிநீக்கம் செய்யும் உத்தேசம் நிர்வாகத்துக்கு இல்லாமல், காரணம் கேட்கும் அறிவிப்புக்கான பதிலில் ஊழியர் தாமாகவே குற்றத்தை ஒப்புக்கொண்டால் அதுவும் அப்படிப்பட்ட சூழ்நிலை. அம்மான் சொல்லும் கடிதம் நிர்வாகத்தின் கைக்குப் போனால் அதுவே உன் ஒப்புதல் ஆகிவிடும். பிறகு சாட்சியும் இல்லை, குறுக்கு விசாரணையும் இல்லை, தண்டனை என்ன என்பது மட்டுமே மிஞ்சும். விஷயத்தை முடித்துவைக்கும் என்று நம்பி எழுதும் கடிதம், உன் தரப்பைச் சொல்ல இருக்கும் ஒரே இடத்தை முடித்துவைத்துவிடும்.

உண்மையை மறைக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதே. படுக்கையில் இருக்கும் ஓய்வூதியக்கார மூதாட்டியின் கையொப்பம் இட்ட படிவத்தை அவருடைய பேரன் கொண்டுவந்தான். மேலாளர் "தெரிந்த குடும்பம்தான், கொடுத்துவிடு" என்று வாயால் சொன்னார். நீ பதிவு செய்தாய். தொகை உன் வரம்புக்கு மேற்பட்டதால் அதிகாரி ஒருவர் கணினியில் அங்கீகரித்தார். நீ ஐம்பதாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்தாய். பிறகு மூதாட்டியின் மகள் அது போலிக் கையொப்பம் என்று புகார் கொடுத்தார். இவ்வளவும் நடந்தவை, கேட்டால் கேட்டபடியே சொல். கணக்குதாரர் நேரில் வராமல் படிவத்துக்குப் பணம் கொடுத்தாயா என்று கேட்டால், ஆம் என்று சொல். ஆனால் நடந்ததற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரை நீ ஒப்புக்கொள்ளாதே. "பணம் கொடுத்தேன்" என்பது நிகழ்ச்சி. "வங்கிக்குப் பெருநட்டம் விளைவிக்கத்தக்க கடும் கவனக்குறைவு" என்பது குற்றச்சாட்டு. முன்னதைச் சொல்வது உன் கடமை. பின்னதை நிரூபிப்பது அவர்கள் வேலை.

இந்த வேறுபாட்டில்தான் உன் வேலையே தங்கியிருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு பெருங்குற்றங்களையும் 7-ஆம் பிரிவு சிறுகுற்றங்களையும் தனித்தனியாகச் சொல்கின்றன. வங்கியின் நடைமுறை விதியை மீறுவதும் வேலையில் கவனக்குறைவும் சிறுகுற்றங்களில் வருகின்றன. அவற்றுக்கு எச்சரிக்கை, கண்டனம், பணிப்பதிவேட்டில் பாதகக் குறிப்பு, அதிகம் போனால் ஆறு மாதம் வரை ஊதிய உயர்வை நிறுத்துவது, இவ்வளவுதான் தண்டனை. பெருங்குற்றம் என்றால் பணிநீக்கம் வரை போகலாம். உன்னைப் பெருங்குற்றத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கீகரித்த அதிகாரியின் பெயர் உன் குற்றப்பத்திரிகையில் ஓரிடத்திலும் இல்லை என்பதைக் கவனித்தாயா? படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பதிவு செய்தவள் பெருங்குற்றவாளி என்றால் சரிபார்த்து அங்கீகரித்தவர் யார் என்ற கேள்வியை விசாரணையில்தான் கேட்க முடியும். மன்னிப்புக் கடிதத்தில் அதற்கு இடமில்லை.

இனிச் சங்கத்தைப் பற்றிய பேச்சு. போன மாதம் முன்னோருக்கான படைப்புக்கு வந்திருந்த பங்காளிகள் சிலர் வீட்டு வளவில் உட்கார்ந்து, வங்கித் தொழிலை வளர்த்த ஊர்க்காரர்கள் நாம், நம் வீட்டுப் பெண் கொடி பிடிக்கிறவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் நிற்பதா என்று கேட்டார்கள். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்கிய பெருமை நம் பக்கத்துக்கு உண்டு. அதை நானும் நெஞ்சார மதிக்கிறேன். ஆனால் நீ வேலை பார்ப்பது வேறொரு வங்கியில், அதுவும் முதலாளியாக அல்ல, காசாளராக. நம் முன்னோரிலும் எல்லாரும் முதலாளிகளாக இருந்துவிடவில்லை. என் ஐயா பர்மாவுக்குச் சம்பளத்துக்குக் கொண்டுவிற்கப் போனவர், அதாவது முதலாளியின் பணத்தைக் கடன் கொடுத்து வசூலிக்கும் ஆளாக. மூன்றாண்டுத் தவணை முடிந்து ஊர் திரும்பியதும் முதலாளி வீட்டுப் பட்டாலையில் பேரேட்டை விரித்து, வராத கடன் ஒவ்வொன்றுக்கும் ஏன் கொடுத்தேன், யார் சொல்லிக் கொடுத்தேன் என்று பதில் சொல்லியிருக்கிறார். பதில் சொல்வதை அக்காலத்தில் ஒருவரும் அவமானமாக எண்ணவில்லை. நீயும் அதையே செய்யப் போகிறாய், பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு.

அந்த ஒருவர் பக்கத்தில் உட்காருவது நிர்வாகம் தரும் சலுகை அல்ல. பதிவு பெற்ற வங்கி ஊழியர் சங்கத்தின் பிரதிநிதி ஊழியருக்காக வாதாடலாம் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும் உரிமை. வழக்கறிஞரை வைத்துக்கொள்ள வேண்டுமானால்தான் வங்கியின் அனுமதி வேண்டும். உன் சங்கம் அனுப்பும் பிரதிநிதியைச் சந்தித்து, உனக்குப் பாதகமானவற்றையும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடு. விசாரணை மேசையில் அவர் முதல்முறையாகக் கேள்விப்படும் செய்தி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அவரோடு உட்கார்ந்து முதலில் செய்ய வேண்டியது, ஆவணங்களைக் கேட்டு எழுதுவது. அந்தப் படிவத்தின் அசல், மாதிரிக் கையொப்பம், அன்றைய பணி ஒதுக்கீட்டு ஆணை, யார் எத்தனை மணிக்குப் பதிவு செய்தார், யார் அங்கீகரித்தார் என்பதைக் காட்டும் கணினிப் பதிவு, அதே மூதாட்டியின் கணக்கில் அதற்கு முன்பும் பேரனிடம் பணம் கொடுக்கப்பட்டிருந்தால் அந்தப் படிவங்கள் எல்லாவற்றையும் கேளுங்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவைத் தனியாகக் குறிப்பிட்டு, அழியாமல் காக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். மேலாளர் உன் கவுண்டருக்கு வந்து பேசியது அதில் தெரியுமானால் அதைவிடப் பெரிய சாட்சி உனக்குக் கிடையாது. கேட்டும் தரவில்லை என்றால், கேட்டதும் தராததும் நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும்.

அந்தக் குறிப்புதான் விசாரணையின் உயிர். அறையில் நீ எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் எழுதப்படாதது நடக்காததற்குச் சமம். பின்னால் மேல்முறையீட்டு அதிகாரியோ தொழிலாளர் நீதிமன்றமோ படிக்கப்போவது அந்தத் தாள்களைத்தான். ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பார்த்த பிறகே கையொப்பமிடு. நீ சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று என்றால் அங்கேயே திருத்தச் சொல். திருத்த மறுத்தால் உன் ஆட்சேபத்தை எழுதி, அதன் கீழ் கையொப்பமிடு. நகலை அன்றே வாங்கிக்கொள். நேரமாகிவிட்டது, எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்று யார் அவசரப்படுத்தினாலும் அவசரப்படாதே.

நிர்வாகத் தரப்புச் சாட்சிகள் முதலில் வருவார்கள். மேலாளரைச் சாட்சியாக அழைக்காமல், தணிக்கை அறிக்கையை மட்டும் வைத்து முடிக்கப் பார்க்கலாம். 2008-இல் உச்ச நீதிமன்றம் ரூப் சிங் நேகி என்ற வங்கிக் கடைநிலை ஊழியரின் வழக்கில் சொன்னதை உன் பிரதிநிதி அறிந்திருப்பார்; ஆவணத்தைத் தாக்கல் செய்வது மட்டும் போதாது, அதில் இருப்பதைச் சாட்சி மூலம் நிரூபிக்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு. காவல் துறையிடம் அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை நம்பித்தான் அவரைத் தண்டித்திருந்தார்கள். ஒப்புதல் என்று ஒரு தாள் இருந்தால் அது எதற்குப் பயன்படும் என்பதற்கு அதையும் அம்மானிடம் சொல்.

குறுக்கு விசாரணையைப் பிரதிநிதியிடம் விட்டுவிடு. மேலாளர் உன் முகத்தைப் பார்த்து "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று சொல்லக்கூடும். அதைக் கேட்கும்போது உனக்கு நெஞ்சு கொதிக்கும், ஆனாலும் இடையில் பேசாதே. ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பிரதிநிதியிடம் நகர்த்து. உன் முறை வரும்போது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்.

விசாரணை முடிந்ததும் அறிக்கையின் நகலை உனக்குத் தந்து உன் கருத்தைக் கேட்க வேண்டும். தண்டனை எதையாவது உத்தேசித்தால் அது குறித்தும் உன்னை நேரில் கேட்க வேண்டும். அந்தக் கட்டம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே. பணியிடைநீக்கத்தில் இருக்கும் உனக்கு முதல் மூன்று மாதம் சம்பளத்திலும் படிகளிலும் மூன்றில் ஒரு பங்கு, அதற்குப் பிறகு பாதி, உன்னால் தாமதம் ஏற்படாமல் ஓராண்டு கடந்தால் முழுச் சம்பளம் என்று பிழைப்பூதியம் வரும். வீட்டுக்கடன் தவணையை அதுவரை நான் கட்டுகிறேன். மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன், அவரும் மறுக்கவில்லை. ஆத்தா கோயம்புத்தூருக்கு வந்து உன்னோடு இருப்பதற்குப் பயணச்சீட்டு எடுத்தாயிற்று. ஊரில் யார் கேட்டாலும் விசாரணை நடக்கிறது, பெண் பதில் சொல்லப் போகிறாள் என்று நானே வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயமும் உனக்கு வேண்டாம்.

குற்றப்பத்திரிகைக்குப் பதில் கொடுக்கக் கெடு நெருங்குகிறது. ஆவணங்களைப் பார்த்த பிறகே விளக்கம் தர முடியும், அதுவரை அவகாசம் வேண்டும் என்று ஒரு கடிதம் தயார் செய்து, பிரதிநிதியிடம் காட்டித் திருத்தி வாங்கி, நாளையே மண்டல அலுவலகத்தில் நேரில் கொடு. பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொண்டு, எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புள்ள
அப்பச்சி