கொடைக்கானல் ஏரிக்கரையில் தை மாதக் குளிர்கால விழா நடத்தக் கோரி மனு

அனுப்புநர்:
கிராமியக் கலைஞர்கள், படகு ஓட்டிகள், சைக்கிள் வாடகைக் கடைக்காரர்கள், சாலையோர வியாபாரிகள்,
ஏரிச்சாலை, கொடைக்கானல்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திண்டுக்கல்.

பொருள்: கொடைக்கானல் ஏரிப் பகுதியில் தை மாதத்தில் பகல் நேரக் குளிர்கால விழா நடத்த அனுமதியும் அடிப்படை ஏற்பாடுகளும் வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலர்க் கண்காட்சி, கோடை விழா, படகுப் போட்டி என்று ஊரின் விழாக்கள் எல்லாம் மே மாதத்தில் வந்து குவிகின்றன. அந்த நெரிசல் தாங்காமல்தான் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறையே வந்தது. பொங்கல் விடுமுறை முடிந்ததும் அதே ஏரிச்சாலையில் வாடகை சைக்கிள்கள் வரிசை கலையாமல் நிற்கும். இந்த இடைவெளியில் இரண்டு நாள் விழா ஒன்றுக்கு அனுமதி வேண்டுகிறோம்.

கோடை விழாவை அப்படியே தூக்கி ஜனவரியில் வைக்கும்படி கேட்கவில்லை. வைத்தால் தோற்றுப்போகும். மாலை ஆறு மணிக்கு மேல் ஏரிக்கரையில் குளிர் ஏறிவிடும். இன்னிசைக் குழுவின் இரண்டாம் பாட்டுக்குள் குழந்தைகளோடு வந்தவர்கள் எழுந்து போவார்கள். இருட்டியபின் காட்டெருமைகள் தெருவுக்குள் இறங்குவதும் தாங்கள் அறிந்ததே. எனவே மேடை நிகழ்ச்சிகள் காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை 4.30-க்கு முடிய வேண்டும்.

நாள் குறிப்பதில் கவனம் தேவை. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையின் வால் இருக்கும். பிப்ரவரி நடுவிலிருந்து புல் காய்ந்து காட்டுத்தீக் காலம் தொடங்கிவிடும். அப்போது வனத்துறையும் தீயணைப்புத் துறையும் விழாவுக்கு ஆள் தர இயலாது. தைப்பூச வாரத்தில் காவல்துறை முழுவதும் பழனியில் இருக்கும். பழனி மலைச்சாலையிலும் பாதயாத்திரைக் கூட்டம். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால், தை அமாவாசையை ஒட்டிய சனி, ஞாயிறு இந்தச் சிக்கலிலிருந்து தானாகவே விலகி நிற்கும். அது பொங்கல் விடுமுறையோடு மோதும் ஆண்டுகளில் அடுத்த வார இறுதியைக் கொள்ளலாம்.

முதல் கோரிக்கை உறைபனி பற்றியது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் குளிர்காற்று கனத்துச் சரிவில் இறங்கி, ஏரி ஓரம், கீழ்பூமி, ஜிம்கானா போன்ற தாழ்வான புல்வெளிகளில் தேங்கும். மேட்டில் வெறும் பனித்துளி இருக்கும்போதே பள்ளத்தில் புல் உப்புப் பூத்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். அதைப் படம் பிடிக்க விடியற்காலையிலேயே கூட்டம் வருகிறது, புல்லின்மீதே நடக்கிறது. உறைந்த புல் வளையாது, ஒடியும். உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாக இருக்கும்போது மிதித்தால் திசு கிழிந்து, சில நாட்களில் கால் தடம் பதிந்த இடமெல்லாம் பழுப்பாகிவிடும். ஆகவே அந்த இரண்டு நாட்களும் புல்வெளிகளைச் சுற்றிக் கயிறு கட்டி, வெயில் ஏறிப் பனி உருகும்வரை, அதாவது காலை 9.30 வரை, யாரும் உள்ளே இறங்காமல் காக்கத் தோட்டக்கலைத் துறைக்கு உத்தரவிட வேண்டும். பார்ப்பவர்கள் நிற்கச் சாலையோரம் தென்னை நார் விரிப்புப் போட்டால் போதும். மேடையையும் பந்தலையும் புல்லில் அமைக்கவே கூடாது. சிமென்ட் தளம் அல்லது தார்த்தரை போதும்.

அடுத்தது வாத்தியங்கள். சமவெளியிலிருந்து வரும் விழா ஏற்பாட்டாளர்களுக்கு இது பெரும்பாலும் பிடிபடுவதில்லை. பறையின் தோல் ஈரக்காற்றை உறிஞ்சித் தளர்ந்துவிடும். அடித்தால் ஓசை எழாமல் அடங்கும். கீழே ஒருமுறை காய்ச்சினால் ஒரு நிகழ்ச்சி தாங்குகிற பறையை, இங்கே மூடுபனியில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை காய்ச்ச நேரிடும். வழக்கம்போல் வைக்கோலோ காகிதமோ கொளுத்தினால் பொறி பறக்கும். காட்டையொட்டிய ஊரில் அதைத் தடுப்பது நியாயமே. எனவே மேடைக்குப் பின்னால் நான்கு இரும்புச் சட்டிகளில் கரி நெருப்பு, பக்கத்தில் மணல் வாளி, தண்ணீர், பார்த்துக்கொள்ள ஒரு தீயணைப்பு வீரர் என்று அனுமதிக்கப்பட்ட ஓர் இடம் வேண்டும். கங்கு மட்டும் இருந்தால் போதும். கொழுந்து விட்டு எரிந்தால் தோல் வெடித்துவிடும். குழுவுக்கு இரண்டு செட் பறை இருந்தால் ஒன்று காயும்போது மற்றொன்று ஆடும். பயணப்படியில் அதற்கும் இடம் கொடுக்க வேண்டும். உறுமிக்கும் இதே கதைதான்.

நாதஸ்வரத்துக்குத் தொல்லை வேறு விதம். குழலுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும். சுருதிப் பெட்டி இறங்காது. வாசிப்பவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் முதல் பத்து நிமிடம் ஒட்டாமல்தான் கேட்கும். மேடையருகே கதவு சாத்தக்கூடிய ஓர் அறை ஒதுக்கினால் வாசித்துச் சூடேற்றிக்கொண்டு நேராக மேடையேறலாம். ஒயிலாட்டம், கரகம் ஆடுபவர்கள் வெறுங்காலில் ஆடுபவர்கள். பனியில் நனைந்த ப்ளைவுட் வழுக்கும், கால் மரத்துப்போகும். மேடை முழுவதும் சணல் விரிப்பு இறுக்கமாக ஆணியடிக்கப்பட வேண்டும்.

மின்சாரத்தில்தான் உயிர் அபாயம். இரவு வெளியில் விட்ட ஸ்பீக்கர், மிக்சருக்குள் பனி இறங்கி நீர் கோத்துக்கொள்ளும். காலையில் சுவிட்சைப் போட்டதும் இரைச்சல் வரும் அல்லது பலகையே கருகும். நனைந்த தரையில் கிடக்கும் ஒயர் இணைப்பு அதைவிட மோசம். மாலை 5 மணிக்குள் கருவிகளைக் கொண்டுபோய் வைக்கப் பூட்டுள்ள, ஈரமில்லாத அறை ஒன்றும், இணைப்புகள் அனைத்தும் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருப்பதும், பெட்டிக்குப் பெட்டி, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தப்பட்டிருப்பதும் அனுமதியின் நிபந்தனையாகவே சேர்க்கப்பட வேண்டும். காலை 9 மணிக்கு மின்வாரிய அலுவலர் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்திப் பார்த்தபிறகே ஒலிபெருக்கி இயங்கட்டும்.

படகுப் போட்டியைத் துடுப்புப் படகு, மிதிபடகு இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். 1863-இல் ஓர் ஆட்சியர், மதுரையில் இருந்த லெவிஞ்ச், உருவாக்கிய ஏரி இது. கைவிரித்ததுபோல் கிளைகள் பிரிவதால் ஒரு கிளையில் மூடுபனி படர்வது அடுத்த கிளையில் இருப்பவருக்குத் தெரியாது. புறப்படும் இடத்திலிருந்து முடியும் இடத்துக் கொடி தெரியாவிட்டால் போட்டி இல்லை என்பதை விதியாக வைக்க வேண்டும். குளிர்ந்த நீரில் விழுபவருக்கு முதல் நிமிடம் மூச்சு வாங்கும், சற்று நேரத்தில் விரல் மடங்காது. லைஃப் ஜாக்கெட் பட்டையை அப்போது இழுத்து மாட்ட முடியாது. ஆகவே ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டி, பட்டையை மற்றொருவர் இழுத்துப் பார்க்க வேண்டும். நீரில் ஒரு மீட்புப் படகும், கரையில் பத்துக் கம்பளியும் மாற்றுடையும், ஓர் ஆம்புலன்ஸும் தேவை. ஈர உடையோடு கம்பளி போர்த்துவதில் பயன் குறைவு.

இரவில் ஒரே ஒரு நிகழ்ச்சி போதும்: வான் நோக்கல். 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகமும் 1909-இல் அங்கே வானியலாளர் எவர்ஷெட் சூரியப் புள்ளிகள் பற்றிச் செய்த கண்டுபிடிப்பும் இந்த ஊரின் பெருமை. ஆனால் இரவு வானத்தைக் காட்டப் பொது ஏற்பாடு எதையும் விழாக்களில் காணோம். தை மாத முன்னிரவில் கார்த்திகை, மிருகசீரிடம், திருவாதிரை மூன்றும் உயரத்தில் இருக்கும். அமாவாசையை ஒட்டிய நாளானால் நிலவும் குறுக்கிடாது. சுற்றுச்சுவர் உள்ள பள்ளி மைதானம் ஒன்றில் மாலை 6.45 முதல் 8.15 வரை, நூறு பேருக்கு மட்டும் சீட்டுக் கொடுத்து நடத்தலாம். அந்த நேரம் அருகிலுள்ள உயர்கோபுர விளக்கை நகராட்சி அணைக்க வேண்டும். டார்ச்சுகளுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டினால் கண் இருட்டுக்குப் பழகியது கெடாது. தொலைநோக்கி லென்சில் அரை மணிக்குள் பனி படியும். துடைத்தால் கீறல் விழும், முடி உலர்த்தியின் இளஞ்சூட்டைத்தான் காட்ட வேண்டும். விளக்கம் சொல்ல, சூரிய ஆய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்குத் தங்கள் அலுவலகம் கடிதம் எழுதினால் வருவார்கள் என்று நம்புகிறோம்.

கடைகளைப் பொறுத்தவரை, பூம்பாறை, மன்னவனூர் விவசாயிகளுக்கும் பளியர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து தேனும் கிழங்கும் கொண்டுவருபவர்களுக்கும் வாடகையின்றி முதல் வரிசை. வெளியூர் பொம்மைக் கடைகள் வேண்டாம். தேநீருக்கு எவர்சில்வர் டம்ளர், அதைக் கழுவ வெந்நீர் அண்டா. குளிரில் சிலிண்டரின் அழுத்தம் குறைந்து அடுப்பு மங்கும்போது சிலர் சிலிண்டரைச் சாய்ப்பார்கள், சூடு காட்டுவார்கள். அதைத் தடுக்க, கடைக்கு இரண்டு சிலிண்டர் கட்டாயம்.

ஞாயிறு காலை 7 முதல் 11 வரை, உள்ளூர்க்காரர்கள், விடுதி வாகனங்கள், ஆம்புலன்ஸ் தவிர மற்ற வாகனங்களை நிறுத்தி, சுமார் ஐந்து கிலோமீட்டர் ஏரிச்சாலையை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் விட்டுவிட வேண்டும். குதிரைக்குச் சாலையின் ஒரு ஓரம் தனியாகக் கோடு போடாவிட்டால் சைக்கிளோடு மோதல் நிச்சயம்.

இவை அனைத்தும் ஆறு துறைகளின் கையில் இருப்பதால் தனித்தனியாக மனுக் கொடுத்து அனுமதி சேர்வதற்குள் தை முடிந்துவிடும். எனவே கார்த்திகை மாதத்துக்குள் கோட்டாட்சியர் தலைமையில் நகராட்சி, வனம், தோட்டக்கலை, சுற்றுலா, காவல், மின்வாரியம் ஆகியோரையும் எங்கள் தரப்பில் ஐந்து பேரையும் ஒரே மேசையில் அமர்த்தி, இடத்தையும் தேதியையும் முடிவு செய்து எழுத்துமூலம் தெரிவிக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏரிச்சாலைக் கலைஞர்களும் தொழிலாளர்களும்

இணைப்பு: உத்தேச இட வரைபடம், கையொப்பப் பட்டியல்.

நகல்: கோட்டாட்சியர், கொடைக்கானல், ஆணையர், கொடைக்கானல் நகராட்சி, மாவட்ட வன அலுவலர், மாவட்டச் சுற்றுலா அலுவலர்.