ஏர்ல் மொரால் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் 1972 மியாமி டால்பின்ஸ் அணியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு நம்ம தமிழ்ப் பேப்பரில் அரைப் பக்கம் கிடைத்ததே பெரிய சந்தோஷம், ஆனால் படித்து முடித்ததும் மனசு ஆறவில்லை. பயிற்சியாளர் டான் ஷூலா இருக்கிறார், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பாப் கிரீஸி படத்தோடு இருக்கிறார், அவருக்கு மாற்றாக இறங்கிய ஏர்ல் மொரால் எங்கே?

லீக்கில் 14 ஆட்டம், நாக்அவுட்டில் இரண்டு, அப்புறம் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல், ஆக மொத்தம் 17, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 2007 சீசனில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 18 வரை ஜெயித்துவிட்டுக் கடைசியில் ஜயண்ட்ஸிடம் 17-14 என்று விட்டதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். சரி, ஆனால் ஐந்தாவது ஆட்டத்திலேயே கிரீஸிக்குக் கால் முறிந்துவிட்டதே! உள்ளே வந்தவர் மொரால், வயது 38, பால்டிமோர் அணி வேண்டாம் என்று விட்டவரை வெறும் 100 டாலருக்கு ஷூலா எடுத்து வைத்திருந்தார். 1969 ஜனவரியில் இதே ஷூலாவின் கீழ் பால்டிமோர், ஜெட்ஸிடம் சூப்பர் பவுலைத் தோற்றபோது, மூன்று முறை பந்தை எதிரணி கையில் வீசி அந்தப் பழியைச் சுமந்தவரும் இவர்தான். அவரை நம்பி மறுபடி இறக்கினார்கள். பந்தை லேரி சோங்காவிடமும் மெர்குரி மாரிஸிடமும் கொடுத்து ஓடவிட்டார், இருவரும் அந்த சீசனில் ஆளுக்கு 1,000 கெஜம் தொட்டார்கள், ஒரே அணியில் இரண்டு பேர் அப்படி ஓடியது அதுதான் முதல் தடவை.

மீதி ஒன்பது லீக் ஆட்டம், நாக்அவுட் இரண்டு, பதினொன்றையும் தொடங்கியவர் மொரால். அந்த இரண்டாவது நாக்அவுட்டில், பிட்ஸ்பர்க்குடன் நடந்த ஆட்டத்தின் பிற்பாதியில்தான் கிரீஸி திரும்பினார். வாஷிங்டனை 14-7 என்று ஜெயித்த சூப்பர் பவுலையும் கிரீஸிதான் தொடங்கினார், மொரால் அதற்காக அணிக்குள் சண்டை போடவில்லை.

எனக்கு இந்தக் கதை அப்பா வழியாக வந்தது. அவர் இங்கே கொடைக்கானலில் ஒரு அமெரிக்கத் துரை வீட்டில் பட்லராக இருந்தார், கப்பல் தபாலில் தாமதமாக வரும் பத்திரிகையைத் துரை அடுப்பங்கரையில் நின்றே வாசித்துச் சொல்வாராம். இப்போது நாயுடுபுரத்தில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன், பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற மாற்று ஆட்டக்காரர்களுக்கு நான் சொல்வது மொரால் கதைதான். போன திங்கள் அவர்களில் ஒருவன் உங்கள் பக்கத்தைக் கத்தரித்து எடுத்து வந்து, "சார், நீங்க சொன்னவர் இதுல இல்லையே" என்று கேட்டான், எனக்குப் பதில் வரவில்லை.

நாலு வரி போதும், முடிந்தால் ஒரு சின்னப் படம். அதையும் கத்தரித்து எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்