அரபுத்துறை நூலகத்திற்கு இன்னும் ரூ. 4,18,000 தேவை

அஸ்ஸலாமு அலைக்கும். நம் கல்லூரியின் முன்னாள் மாணவர்களுக்கும் ஊர்ப் பெருமக்களுக்கும் நூலகக் குழு பணிவுடன் எழுதுவது.

அரபுத்துறைக்கு ஒதுக்கப்பட்ட பழைய கட்டடத்தை ஜூன் 15-ஆம் தேதிக்குள் நூலகமாகத் திறக்காவிட்டால் அவ்விடம் வேறு துறைக்குத் தரப்படும் என்று நிர்வாகம் எழுத்து மூலம் தெரிவித்துவிட்டது. கூரைப் பணி பாதியில் நிற்கிறது. கொத்தனாருக்குக் கொடுத்த முன்பணமும் தீர்ந்துவிட்டது.

அரபு இளங்கலை பயிலும் 37 மாணவர்களுக்கு இன்று இருப்பவை இரண்டே அகராதிகள். இது சிறு குறை அன்று. நூலகத்தைக் குறிக்கும் 'மக்தபா' என்ற அரபுச் சொல்லை அதன் முதலெழுத்தான மீமில் தேடும் முதலாண்டு மாணவனுக்கு அது பெரும்பாலும் கிடைக்காது. காஃப், தா, பா என்ற வேரெழுத்துகளைப் பிரித்தறிந்து சென்றால்தான் கிதாப் (நூல்), காதிப் (எழுதுபவர்), மக்தப் (எழுதும் இடம்) ஆகியவற்றோடு அதுவும் அங்கே இருக்கும். இப்னு மன்ழூரின் 'லிஸானுல் அரப்' அகராதியிலோ வேரின் கடைசி எழுத்தைக் கொண்டு தேட வேண்டும். ஸர்ஃபு எனும் சொல்லிலக்கணப் பாடத்தை எத்தனை முறை ஒப்புவித்தாலும், அகராதியைத் தானே புரட்டிப் பழகாதவனுக்கு முஅல்லகாத் எனும் பழம்பெரும் அரபுக் கவிதைகளின் ஒரு வரியும் திறக்காது.

நம் முன்னோர் இம்மொழியை ஓதியதோடு நின்றுவிடவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் அரபியில் பாடிய பாக்கள் இன்றும் ஓதப்படுகின்றன. 1898-இல் மறைந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அரபியிலும் அரபுத்தமிழிலும் நூல்களை இயற்றினார்கள். தமிழ் ஒலிகளுக்கெனப் புள்ளியும் குறியும் சேர்த்து அரபு எழுத்தில் தமிழை எழுதிய மரபு அது. நம் பாட்டிமார் மார்க்கச் சட்டம் கற்றது அவ்வேடுகளில்தான். அவற்றை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த இளைஞர் நம் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

மொத்தச் செலவு ரூ. 9,80,000. கூரை, தரை, மின்பணிக்கு ரூ. 3,60,000, 12 இரும்பு அலமாரிகளுக்கு ரூ. 1,74,000, நூல்களுக்கு ரூ. 2,70,000, பழைய ஏடுகளைப் படியெடுக்கும் ஸ்கேனருக்கும் கணினிக்கும் ரூ. 1,76,000. இதுவரை ரூ. 5,62,000 சேர்ந்துள்ளது.

அதைத் தந்தவர்களை நாங்கள் மறக்க மாட்டோம். தம்மாமிலும் ஷார்ஜாவிலும் பணிபுரியும் பழைய மாணவர்கள் 11 பேர் ஆளுக்கு ஒரு மாதச் சம்பளத்தை அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் முதல் ஓய்வூதியத்தை உறையோடு கொண்டுவந்து தந்தார். பேருந்து நிலையத்தருகே தேநீர்க் கடை வைத்திருக்கும் சகோதரர் பதினெட்டு மாதங்களாக, ஒரு மாதமும் தவறாமல், ரூ. 500 செலுத்திவருகிறார். நம் தமிழ்த்துறையின் முன்னாள் பேராசிரியர், மார்க்கத்தால் வேறானவர், அரபுத்தமிழ் ஏடுகள் அழியக் கூடாது என்று சொல்லி ரூ. 25,000 அளித்தார். தம் பாட்டனாரின் 64 கிதாபுகளைத் துணியில் சுற்றிப் பாதுகாத்து, மனமுவந்து ஒப்படைத்த குடும்பத்தாருக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.

மனிதன் இறந்தபின்னும் அவனைத் தொடரும் மூன்றில் நிலையான தர்மமும் பயன்தரும் கல்வியும் உண்டு என்பது நபிமொழி. இந்நூலகத்தில் இரண்டும் சேர்கின்றன. கட்டாயக் கடமையான ஜகாத் தொகையை மட்டும் இக்கணக்கில் செலுத்த வேண்டாம், விருப்பத் தர்மமான ஸதகாவாகவே தாருங்கள்.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று நன்கொடை தருவதாக வாக்குக் கொடுத்தவர்களில் 23 பேர் இன்னும் ரூ. 1,35,000 தர வேண்டியுள்ளது. பெயர் எழுத எங்களுக்கு மனமில்லை. ஒரு திருமணப் பந்தலின் விளக்கு அலங்காரத்திற்கு யோசிக்காமல் செலவிடும் நாம், அகராதிக்காகக் காத்துநிற்கும் பிள்ளைகளிடம் பொறுக்கச் சொல்வது முறையா என்பதை அவரவரே சிந்திக்க வேண்டும். அந்த 23 பேரும் சொன்ன சொல்லைக் காத்தால் மீதித் தேவை ரூ. 2,83,000 மட்டுமே.

துறை அலுவலகத்தில் நாள்தோறும் மாலை 4 முதல் 6 மணி வரை ரசீது தரப்படும். ஓர் அலமாரியின் விலை ரூ. 14,500; இருவர் சேர்ந்தும் ஏற்கலாம். வரவு செலவு ஜூன் 20 அன்று துறைப் பலகையில் ஒட்டப்படும். மிச்சம் இருந்தால் அது நூல்களுக்கே சேரும்.