ஒரு மாணவி உங்களிடம் வந்து சொல்லும்போது: இளம் உதவிப் பேராசிரியர் ஒருவருக்குக் கடிதம்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். இந்தக் கல்வியாண்டில் வகுப்பு ஆலோசகர் பொறுப்போடு மாணவியர் விடுதித் துணைக் காப்பாளர் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னீர்கள். "ஒரு பொண்ணு வந்து தனக்கு இப்படி நடந்துச்சுன்னு சொன்னா நான் என்ன பண்ணோணுங்க அக்கா? வேலைல சேர்ந்தப்ப மத்ததெல்லாம் சொல்லிக் குடுத்தாங்க, இதை யாரும் சொல்லலைங்க" என்று, பாலியல் துன்புறுத்தலை மனதில் வைத்துக் கேட்டீர்கள். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஒரு கல்லூரியில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில், நாம் ஐ.சி.சி. என்று சொல்லிப் பழகிவிட்ட அந்தக் குழுவில், சில ஆண்டுகள் இருந்தவள் நான். அங்கே கேட்டது எதையும் இங்கே சொல்ல மாட்டேன். எந்த மாணவியின் கதையும் இந்தக் கடிதத்தில் இல்லை.

நம் பக்கத்துக் கல்லூரிகளில் ஒரு மாணவி பெரும்பாலும் எப்போது வந்து சொல்வாள் என்று நினைக்கிறீர்கள்? கடைசிப் பீரியட் முடிந்து கல்லூரிப் பேருந்துகள் கிளம்புவதற்கு முன் கிடைக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வந்தவள்போல மேசையோரம் நிற்பாள். மற்றவர்கள் போகும்வரை நோட்டின் ஓரத்தை நகத்தால் நிமிண்டிக்கொண்டே இருப்பாள். "மேடம், ஒண்ணு சொல்லோணுங்க. யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்று தொடங்குவாள். வெளியே கோபிக்கும் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் போகிற பேருந்துகள் இன்ஜினை ஓடவிட்டு நிற்கும். அதைத் தவறவிட்டால் வீட்டில் காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணத்தைத்தான் அவளால் சொல்ல முடியாது. ஆகவே அவள் பேச ஆரம்பித்ததும், இன்றைக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமா, சற்று நேரம் இருக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போக வேண்டும் என்றால், போகிற வழியிலும் வீட்டிலும் அவளுக்கு ஆபத்து இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டு, மறுநாள் காலை எந்த மணிக்கு, எந்த அறையில் என்று சொல்லி அனுப்புங்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே நீங்கள் அங்கே இருக்க வேண்டும். துறை அறையில் நாலு மேசைக்கு நடுவே வைத்துக் கேட்காதீர்கள். துறைத் தலைவரின் அறையும் வேண்டாம்.

"யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்று அவள் கேட்கும்போது, சரி என்று சொல்லிவிடத்தான் மனம் வரும். சொல்லாதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கை வாங்கிக்கொண்டு அவள் எல்லாவற்றையும் கொட்டிய பிறகு, விதியைக் காட்டி அதை மீறினால், அதன் பிறகு அவள் எந்த ஆசிரியரையும் நம்ப மாட்டாள். "உன்னைக் கேட்காமல் யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்றாலோ, உனக்கு இன்னும் 18 வயது நிரம்பவில்லை என்றாலோ, நான் சொல்லியே ஆக வேண்டும். அப்படிச் சொல்வதாக இருந்தாலும் முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்" என்று அவள் விவரம் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வயது விஷயத்தில் கல்லூரி ஆசிரியர்கள் பலர் கவனமாக இருப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வரும் முதலாமாண்டு மாணவியரில் 18 நிரம்பாதவர்கள் உண்டு. அவர்களுக்கு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். அதன் 19ஆம் பிரிவின்படி, அப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்தவர் எவராயினும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம். 2021 நவம்பரில் கோவையில் 17 வயதுப் பள்ளி மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்ட வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியரோடு, தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்ததாகப் பள்ளி முதல்வரும் கைது செய்யப்பட்டதை நாம் மறந்துவிடக் கூடாது.

இனி, கேட்பது பற்றி. நீங்கள் விசாரணை அதிகாரி இல்லை. என்ன நடந்தது என்று நிரூபிப்பதும், அவள் சொல்வதில் எது முன், எது பின் என்று அடுக்குவதும் உங்கள் வேலை இல்லை. அவள் முன்னுக்குப்பின் மாற்றிச் சொல்லலாம், முக்கியமான ஒன்றை விட்டுவிட்டு அற்பமான ஒன்றைத் திரும்பத்திரும்பச் சொல்லலாம், அழாமலே சொல்லலாம், இடையில் சிரித்தும்விடலாம். இவற்றில் எதுவும் பொய்க்கு அடையாளம் இல்லை. அதிர்ந்துபோன மனம் அப்படித்தான் பேசும். "அங்க எதுக்குப் போன?", "அவன்கிட்ட ஏன் நம்பர் குடுத்த?", "இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்பவை கேள்விகளைப் போலத் தோன்றினாலும் அவள் காதில் தீர்ப்பாகவே விழும். "என்னிடம் சொன்னது நல்லது. உன்மேல் தப்பு இல்லை" என்று சொல்லுங்கள். பிறகு, இப்போது பத்திரமாக இருக்கிறாளா, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா, கூட யார் இருந்தால் அவளுக்குத் தெம்பாக இருக்கும் என்ற அளவில் கேட்டால் போதும். விவரங்களை அவள் குழுவிடமோ காவல்துறையிடமோ ஒருமுறை சொல்லத்தான் போகிறாள். அதற்கு முன் உங்களிடமும் முதல்வரிடமும் கவுன்சிலரிடமும் என்று நான்கு முறை சொல்ல வைப்பது கொடுமை. மாணவர்களும் திருநர் மாணவர்களும்கூட வந்து சொல்லலாம். அவர்களுக்கும் இதே செவிதான், இதே சொற்கள்தான்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது வீட்டுக்கு அடிக்கும் போன் பற்றி. நம் கொங்கு நாட்டுக் கல்லூரிகளில் மாணவிக்குச் சின்னதாக எது நடந்தாலும், ஒரு நாள் வராவிட்டாலும், மதிப்பெண் குறைந்தாலும், முதல் வேலையாக அப்பாவுக்குப் போன் போட்டுவிடுவோம். அதுதான் பொறுப்பு என்று நமக்கே பழக்கியிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் அந்தப் பழக்கம் பெரும் கேடு செய்யும். பல்லடம் பக்கம் தறி ஓட்டிக்கொண்டோ, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டோ மகளைப் படிக்க வைக்கிற அப்பா அவளை நேசிக்காதவர் இல்லை. ஆனால் அந்தச் செய்தி திடீரென்று ஓர் அந்நியர் வாயிலிருந்து அவர் காதில் விழும்போது, அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு ஒன்றே ஒன்றுதான்: மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவது. அந்த வாரமே டி.சி. கேட்பார்கள், அடுத்த ஆடிக்குள் ஜாதகம் கைமாறும். சொந்தபந்தமும் பங்காளிகளும் நிறைந்த ஊரில் விஷயம் எப்படி வெளியே போனது என்று தேடுவதற்குள் அது ஊரையே சுற்றி வந்திருக்கும். தப்புச் செய்தவன் கல்லூரியில் இருப்பான், அவள் இருக்க மாட்டாள். இதை அவளோடு படிக்கிற மற்றப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களில் இன்னொருத்திக்கு நடந்தால் அவள் நம்மிடம் வரவே மாட்டாள்.

18 நிரம்பிய மாணவி சட்டப்படி வயது வந்தவள். வீட்டில் யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். அம்மாவிடமோ சித்தியிடமோ அத்தையிடமோ சொல்ல வேண்டும் என்று அவளே நினைத்தால், பேசும்போது கூட இருக்கட்டுமா என்று கேளுங்கள். தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்வாள் என்ற அச்சம் உங்களுக்கு உண்மையாகவே எழுந்தால் மட்டும் தனியே விட வேண்டாம். அவள் நம்புகிற ஒருவரையும் மருத்துவரையும் உடனே சேர்த்துக்கொள்ளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

அவளுக்கு என்னென்ன வழிகள் உண்டு என்று எடுத்துச் சொல்லும் அளவுக்கு நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும், உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளும் நம்மைக் கட்டுப்படுத்துகின்றன. புகார்க் குழுவின் தலைவர் மூத்த பெண் ஆசிரியராக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட விஷயமானால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் பிரதிநிதிகளும் வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்றவர்கள் குழுவில் இருக்கக் கூடாது. நம் பக்கம் தாளாளருக்கும் துறைத் தலைவருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையே உறவுமுறை இருப்பது புதிதில்லை என்பதால், இந்த விலக்கை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். செமஸ்டர் விடுமுறையிலும் அந்த நாட்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எழுத வரவில்லை என்றால் குழுவினர் உதவ வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும்.

பல மாணவியர் வாயைத் திறக்காததற்குக் காரணம் இன்டர்னல் மதிப்பெண். புராஜெக்ட் கைடோ ஆய்வு நெறியாளரோ குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தால், பட்டமே அவர் கையில் என்ற அச்சம் இருக்கும். விசாரணை நடக்கும்போதே அவர் அவளுடைய தேர்வையோ பணியையோ மதிப்பிடக் கூடாது என்று தடுக்கவும், அவளை அணுகக் கூடாது என்று எச்சரிக்கவும், பாதிக்கப்பட்டவருக்கு மூன்று மாதம் வரை விடுப்புத் தரவும் ஒழுங்குமுறைகளில் இடம் உண்டு. இதை அவளிடம் சொல்லிப் பாருங்கள். அதுவரை குனிந்திருந்த தலை நிமிரும்.

பாலியல் வன்கொடுமை என்றால் நேரம் முக்கியம். கருத்தடைக்கும் எச்.ஐ.வி. தடுப்புக்கும் உரிய மருந்துகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். குளிக்காமல், உடைகளைத் துவைக்காமல் போனால் தடயங்களும் கிடைக்கும். அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தர வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே போய்த் தெரிந்துகொண்டால் நீங்கள் மறைத்ததாக நினைப்பாள். காவல்துறைக்குப் போக விரும்பினால் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். 181 என்ற பெண்கள் உதவி எண் எந்நேரமும் உண்டு. மிரட்டலோ படங்களோ செல்போன் வழியாக வந்திருந்தால், எதையும் அழிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். அந்தப் படங்களை உங்கள் செல்போனுக்கு அனுப்பச் சொல்லவே கூடாது.

'பேசி முடித்துவிடலாம்' என்று ஒருவர் வருவார். பெரும்பாலும் நல்லவர், மூத்தவர், உங்கள்மேல் அன்புள்ளவர். கல்லூரிப் பெயர், பெண்ணின் எதிர்காலம், அந்தப் பையனின் கேம்பஸ் வேலை என்று பேசுவார். சமரசம் வேண்டும் என்று புகார் கொடுத்தவர் தாமே கேட்டாலன்றி யாரும் அதைத் தொடங்கக் கூடாது. பணம் அதற்கு அடிப்படையாக இருக்கவும் கூடாது. இதை அவரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரை நீங்களே கூப்பிட்டுக் கேட்பதும் வேண்டாம். அவருக்கும் தம் தரப்பைச் சொல்லும் உரிமை உண்டு, அதற்குரிய இடம் குழு. முன்கூட்டியே நீங்கள் கேட்டால், ஒன்று அவர் அவளை மிரட்டுவார், அல்லது விசாரணை முறையாக நடக்கவில்லை என்று சொல்லிப் பிறகு தப்பித்துக்கொள்வார்.

அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: தேதி, நேரம், அவள் சொன்னது அவள் சொற்களிலேயே, நீங்கள் சொன்னது என்ன. உங்கள் ஊகம் ஒரு வரிகூட வேண்டாம். துறைக் கணினியில் தட்டச்சு செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் 'நம்ம டிபார்ட்மென்ட் பொண்ணு ஒண்ணு' என்று பெயரில்லாமல் எழுதுவதுகூட அறுபது பேர் வகுப்பில் பெயரைச் சொன்னதற்குச் சமம். 2019இல் பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த மாணவியின் பெயரைக் காவல்துறை உயர் அதிகாரியே செய்தியாளர்களிடம் சொன்னார். அரசாணையிலும் அது வந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் பரவியது. இரண்டிலும் பாதிக்கப்பட்டவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பொள்ளாச்சிக் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் 2025 மே 13 அன்று சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் வெளியான பிறகும் பாதிக்கப்பட்ட பெண்கள் சாட்சி சொல்ல வந்ததால் கிடைத்த தீர்ப்பு அது. அவர்கள் பட்டதை இன்னொரு பெண் நம் கவனக்குறைவால் படக் கூடாது.

கடைசியாக, எந்த வழியும் வேண்டாம், சொன்னால் போதும் என்று அவள் சொல்லிவிட்டால், அதற்கும் மதிப்புக் கொடுங்கள். மூன்று மாதக் கெடுவை மட்டும் நினைவுபடுத்துங்கள். வகுப்பில் அவளை முன்போலவே நடத்துங்கள். வருகைப் பதிவு குறைந்தால் காரணம் எழுதித் தரச் சொல்லித் தொந்தரவு செய்யாமல், உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டுச் சரிசெய்யுங்கள். இரண்டு வாரம் கழித்து, ரெக்கார்டு நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எப்படி இருக்க கண்ணு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனதும், புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரும் எண்ணும் உங்கள் துறை அறிவிப்புப் பலகையிலும் விடுதி வாசலிலும் இருக்கின்றனவா, பணிமாறிப் போனவர்களின் பெயர் இன்னும் அதில் தொங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல்வருக்கு எழுத்தில் கேட்டு, நகலை வைத்துக்கொள்ளுங்கள். எப்போது வேண்டுமானாலும் என்னைக் கூப்பிடலாம். பெயர் சொல்லாமலே பேசலாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா