மருந்துத் தீவனம் கேட்டு எங்கள் கொள்முதல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கொள்முதல் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நம் ஆராய்ச்சி நிறுவனத்தின் விலங்குக் கூடத்தில் ஆய்வுச் சுண்டெலிகளுக்குக் கிருமித் தொற்று. அதைப் போக்க மருந்து கலந்த தீவனம் கேட்டு அனுப்பிய கோப்பு போன வாரம் மறுபடியும் திரும்பி வந்தது. இந்த முறை ஓரத்தில் ஒரு குறிப்பு: “பெல்லட் தீவனத்துக்கு ஏற்கெனவே ஆண்டு ஒப்பந்தம் உள்ளது. மருந்தைத் தனியே வாங்கிக் குடிநீரில் கலந்து கொடுக்கலாமே?” எந்த அறையில் நோய், எந்த வகைச் சுண்டெலிகளில் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதனால் அந்த யோசனைக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கலந்து கொடுத்துப் பார்த்துவிட்டோம். கல்லீரலையும் குடலையும் தாக்கும் இந்த ஹெலிகோபேக்டர் ஹெப்பாடிகஸ் பாக்டீரியாவுக்கு அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல், பிஸ்மத் என்ற மூன்று மருந்துகளும் சேர்ந்தே உள்ளே போக வேண்டும். மெட்ரோனிடசோலின் கசப்பு, மாத்திரையைத் தெரியாமல் கடித்துவிட்ட எவருக்கும் தெரியும். சுண்டெலி ஒரு முறை நக்கிப் பார்த்துவிட்டு அந்தக் குப்பிப் பக்கமே போகாது. அமாக்சிசிலின் நீரில் ஊற ஊற வீரியம் இழக்கும். அடிக்கடி புதிதாகக் கரைக்க வேண்டும். பிஸ்மத்தோ சரியாகக் கரையவே கரையாது, வண்டலாகப் படியும். குப்பி தலைகீழாகத் தொங்குவதால் அந்த வண்டல் வந்து தங்குமிடம் எலி வாய் வைக்கும் குழாய் முனைதான். ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் வரிசையாகப் பல கூண்டுகளில் முனை அடைத்திருந்தது. குப்பி நிறைய நீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. ரோமம் சிலிர்த்து, முதுகு கூனி, கண்ணை மூடிக்கொண்டு மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. இருபது, இருபத்தைந்து கிராம் எடையுள்ள உயிர், நாளொன்றுக்கு நாலைந்து மில்லி நீர்தான் குடிக்கும். அதுவும் கிடைக்காமல் போனால் எத்தனை நேரம் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்? நோயைக் குணப்படுத்தப் போய்த் தாகத்தில் வாட்டியதாக எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

இன்னொரு வழியும் உண்டு. பிடரியைப் பிடித்துத் தூக்கி, வாய் வழியாக இரைப்பை வரை உலோகக் குழாய் ஊசியைச் செலுத்தி மருந்து விடலாம். இந்தக் கிருமியை ஒழித்த ஆரம்ப கால ஆய்வுகளில் அப்படித்தான் செய்தார்கள்: நாளைக்கு மூன்று வேளை, இரண்டு வாரம். கை சற்றுத் தவறினால் உணவுக்குழாய் கிழியும். நூறு எலி என்றால் நாளொன்றுக்கு முந்நூறு முறை. எங்களிடம் இருப்பது இரண்டு தற்காலிகப் பணியாளர்கள். இந்தத் தொல்லைக்காகத்தான் மருந்தைத் தீவனத்திலேயே வைத்துச் செய்யும் முறை வந்தது. எலி தன் போக்கில் கொறிக்கும், யாரும் அதைத் தொட வேண்டியதில்லை.

“மாத்திரையைப் பொடித்து, இருக்கும் தீவனத்தோடு அரைத்துக் கலந்தால் என்ன?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதாக அறிகிறேன். ஒரு கவளத்தில் நாலு மடங்கு மருந்து, அடுத்ததில் ஒன்றுமே இல்லை என்றுதான் அது முடியும். போதாத அளவு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது கிருமிக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவதுதான். இந்த எலிகள் நோய் எதிர்ப்பில் குறையுள்ளவை. தீவனம் கிருமி நீக்கியதாகவும் இருக்க வேண்டும். நாமே கலந்து, நீராவிச் சூட்டில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தால் அந்தச் சூட்டில் அமாக்சிசிலின் பாழாகும். எனவேதான் கதிர்வீச்சால் கிருமி நீக்கிய தீவனம் என்று கோப்பில் கேட்டோம், ஆடம்பரத்துக்காகக் கேட்கவில்லை. நிறம் சேர்த்தது வேண்டும் என்று கேட்டதற்கும் காரணம் உண்டு. பக்கத்து அறையில் கினிப் பன்றிகளும் ஹாம்ஸ்டர்களும் இருக்கின்றன. அமாக்சிசிலின் அவற்றின் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்து, கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பெருக இடம் கொடுத்து, உயிரையே வாங்கிவிடும். மூட்டை மாறினால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

“இவ்வளவு காலம் இருந்த கிருமிதானே” என்றும் சொல்லப்பட்டது. அமெரிக்காவில் ஃபிரெடரிக் நகரிலுள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனக் கூடத்தில் 1992இல் இது எப்படிக் கண்ணில் பட்டது தெரியுமா? எந்த ரசாயனமும் கொடுக்காமல் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த சுண்டெலிகளுக்கே கல்லீரல் அழற்சியும் கட்டியும் வந்திருந்தன. ஒப்பீட்டு எலிக்கே நோய் என்றால் எந்த ஆய்வின் முடிவை நம்புவது? நம் கூடத்தில் குடல் அழற்சி பற்றி ஒரு திட்டம் ஓடுகிறது. அதன் எலிகளுக்குக் குடல் வீங்குவது மரபணுவாலா, இந்தக் கிருமியாலா என்று அந்த ஆராய்ச்சி மாணவர் யாரிடம் கேட்பார்?

மருந்துத் தீவனம் மந்திரம் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். கொடுக்கும் காலத்தில் குடல் நுண்ணுயிர்கள் மாறும், சோதனைகளை நிறுத்தி வைக்க வேண்டும். முடிந்தபின் கூண்டுகளை மாற்றி, சில வாரம் கழித்து எலிப் புழுக்கையில் கிருமியின் மரபணு இருக்கிறதா என்று பிசிஆர் சோதனை செய்து பார்க்க வேண்டும். அதிலும் கிருமி போகாவிட்டால், கருவை எடுத்து நோயற்ற தாய் எலியின் கருப்பையில் வைக்கும் கருமாற்று முறையில் புது வம்சம் எடுப்பதே வழி. அதற்கான செலவைப் பார்த்தால் இந்தத் தீவனம் மலிவு.

விலை சாதாரணத் தீவனத்தைவிடப் பல மடங்கு, உண்மை. ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு சுண்டெலி நாளைக்கு ஐந்து கிராமுக்கு மேல் தின்னாது. நூறு எலிக்கு இரண்டு வாரம் என்றால் ஏழு கிலோ, சிந்துவதற்கும் சேர்த்துப் பத்து கிலோ. இதற்கு மூன்று கொட்டேஷன் வேண்டும் என்கிறீர்கள். விற்பவர் ஒருவரே என்றால் ஒற்றை டெண்டருக்கு 2017 பொது நிதி விதிகளில் 166ஆம் விதி இருக்கிறது. 2025 ஜூனில் நிதி அமைச்சகம் ஆராய்ச்சி நிறுவனங்களுக்காக, கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பை ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக உயர்த்தியதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

“பாதியை இப்போது, மீதியை அடுத்த நிதியாண்டில்” என்ற யோசனையைக் கேட்டபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எலிகள் ஒன்றின் புழுக்கையை மற்றொன்று தின்னும், கிருமி பரவுவதே அப்படித்தான். பாதி அறைக்குக் கொடுத்தால் மீதிப் பாதி திருப்பித் தொற்றவைக்கும். கிருமிக்கு மார்ச் 31 என்ன, ஏப்ரல் 1 என்ன? நுழைவாயில் பெயர்ப்பலகைக்கு விளக்குப் போட ஒரே கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தது. பலகை இருட்டில் பளிச்சென்று தெரிகிறது, மகிழ்ச்சி. கூடத்தின் ஏசி கோடையில் நின்றால் மாற்று இயந்திரத்துக்கு எழுதிய கடிதம் எந்த மேசையில் உறங்குகிறது என்று கேட்கலாம். இரவுப் பணிக்கு ஆள் கேட்டதையும் நினைவூட்டலாம். கேட்க வந்தது அவையல்ல, பொறுத்தருளுங்கள்.

கேட்பது இதுதான். கதிர்வீச்சால் கிருமி நீக்கிய, நிறமிட்ட மருந்துத் தீவனத்தை, முழு அளவும் ஒரே தவணையில் வாங்க அடுத்த கூட்டத்திலேயே அனுமதி தாருங்கள். வந்திறங்கும்போது காலாவதிக்குப் போதிய மாதங்கள் இருக்க வேண்டும் என்பதையும் ஆர்டரில் சேருங்கள். எங்களால் ஆன எல்லா ஆவணங்களையும் அன்றே தருகிறோம். அனுமதிக்க இயலாது என்றால், தயவுசெய்து ஓரக் குறிப்பாக வேண்டாம்; காரணத்தைக் கையொப்பத்துடன் எழுதித் தாருங்கள். சிகிச்சை ஏன் நின்றது என்று விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழு கேட்கும்போது அந்தத் தாளை அப்படியே அவர்கள் முன் வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விலங்குக் கூடக் கால்நடை மருத்துவர்