ஈ, எம், என் இடது காது

மாப்ள,

நீ கடைசியாக எழுதிய கடிதம் என் மேசை இழுப்பறையில் ஒரு வருடமும் ஏழு மாதமுமாகக் கிடக்கிறது. திட்ட வேண்டும் போலிருக்கும். திட்டிக்கொள், பாதியில் நிறுத்தாதே. முழங்கால் வலி குறைந்ததா, பேரன் பள்ளிக்கூடத்தில் இன்னும் எல்லோரையும் கடிக்கிறானா என்பதற்கு அடுத்த கடிதத்தில் பதில் வேண்டும். இங்கே எல்லோரும் நலம். சம்பிரதாயம் முடிந்தது.

வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவனை மறுபடியும் ஈ-அண்ட்-எம்மிடமே, இரண்டு தொலைபேசிப் பெட்டிகள் ஈ, எம் என்ற கம்பிகளில் 'பிடித்தேன், விட்டேன்' என்று சொல்லிக்கொள்கிற நம் பழைய சிக்னலிடமே, கூப்பிட்டுவிட்டார்கள். சிரிக்காதே, இந்தச் சிலேடையே உன்னுடையதுதான்.

ஒரு பழைய பி.பி.எக்ஸ்., அதாவது அலுவலகத்துக்குள்ளேயே ஓடுகிற தொலைபேசி எக்ஸ்சேஞ்ச், அதில் இன்னொரு பெட்டியோடு இணைக்கிற நான்கு டை லைன். மறுமுனைக் கருவி ஆயுசு முடிந்து போனதால், இரண்டு மாடி கீழே ரேக்கில், குரலை நெட்வொர்க்கில் ஏற்றுகிற ஒரு வாய்ஸ் கேட்வே வாங்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஈ-அண்ட்-எம் கார்டும் இருக்கிறது. கட்டத்தான் ஆளில்லை. அங்குள்ள பிள்ளைகளுக்கு நெட்வொர்க் தண்ணீர் பட்ட பாடு, செம்புக் கம்பியைக் கண்டால் மட்டும் பாம்பைக் கண்ட மாதிரி. ஒரே ஒரு பெண் ஆர்வமாக வந்து கூடவே நின்றாள். என் மகளைவிடச் சின்னவள். வாய்க்கு வாய் கேள்வி. நம்மைப் பழக்கிய மீட்டர் அண்ணன் கையில் கிடைத்திருந்தால் இரண்டே வருடத்தில் நம்மையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டிருப்பாள்.

முதல் நாள் 25 ஜோடி கேபிளை இரு முனையிலும் பஞ்ச் செய்து, அதாவது கம்பிகளைப் பட்டைகளில் அழுத்திச் செருகி, முடித்தேன். ஒரு டிரங்குக்கு, அதாவது ஒரு டை லைனுக்கு, மூன்று ஜோடி: ஒன்று சிக்னலுக்கு, இரண்டு குரலுக்கு. ஆக 12 ஜோடி. கீழேயிருந்து அழைத்தால் மேலே மணி அடித்தது. எடுத்து 'ஹலோ' சொன்னால், எடுத்துவிட்டார்கள் என்பதே கேட்வேக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அறுத்துவிட்டது. மேலேயிருந்து அழைத்தால் ஒன்றுமே இல்லை, கிணற்றில் போட்ட கல்.

கேட்வேயில் டைப் 1 என்று வைத்திருந்தார்கள்; கம்பியில் எதைக் கொடுத்தால் 'பிடித்தேன்' என்று அர்த்தம் என்பது டைப்புக்கு டைப் மாறுமே. பி.பி.எக்ஸ். என்ன டைப் என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லை. அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் 'டை லைன்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்த புண்ணியவான் யாரோ. மீட்டரை எடுத்து எம்மில், பி.பி.எக்ஸ். பேசுகிற கம்பியில், வைத்தேன். சும்மா இருக்கும்போது 0 வோல்ட். டைப் 1-ல் எம் சும்மா இருக்கையில் எர்த்தில்தான் இருக்கும், பிடித்ததும் பேட்டரிக்கு, மைனஸ் 48 வோல்ட்டுக்கு, போகும். பாதி பொருந்திவிட்டது என்று டிரங்கைப் பிடிக்கச் சொன்னேன். 0. மறுபடி. 0.

"கார்டு போச்சு" என்று தீர்ப்பு சொன்னேன். பி.பி.எக்ஸில் உதிரிக் கார்டு போட்டோம், அதுவும் 0. மூன்றாவது கார்டு, அதுவும். மூன்றுக்கும் ஒரே வியாதி என்று நான் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் மெதுவாக, "மூணும் ஒரே மாதிரியா சார் சாகும்?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் கேட்டது சரியான கேள்வி, அதனால் வந்த கோபம்.

ராத்திரி படுத்த பிறகுதான் மீட்டர் அண்ணன் வந்தார், வாயில் ஸ்க்ரூ டிரைவரைக் கவ்விக்கொண்டு. "பூஜ்யத்துல ரெண்டு வகைடா. எர்த்தோட பூஜ்யம் வேற, அநாதையோட பூஜ்யம் வேற." எத்தனை தடவை நம் மண்டையில் தட்டிச் சொல்லியிருக்கிறார்! திறந்து தொங்குகிற கம்பியிலும் மீட்டர் 0-க்குப் பக்கத்தில்தான் காட்டும், எர்த்தில் கட்டிய கம்பியிலும் 0-தான் காட்டும். நான் பார்த்தது இரண்டு வேறு பூஜ்யங்கள். எழுந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டதில் வீட்டம்மா விழித்துக்கொண்டாள்.

காலையில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மைனஸ் 48-க்கும் எம்முக்கும் நடுவே போட்டு, எம்மில் மீட்டர் வைத்தேன். சும்மா இருக்கையில் மைனஸ் 48. அதாவது, கம்பி அந்தப் பக்கம் திறந்து கிடக்கிறது. டிரங்கைப் பிடித்ததும் சடாரென்று 0. எர்த் கொடுக்கிறது. டைப் 5! மூன்று கார்டும் உயிரோடு, முழு ஆரோக்கியத்தோடு இருந்தன. பாவம், அவற்றுக்குக் கருமாதியே முடித்திருந்தேன்.

பிறகு எல்லாம் விளங்கிவிட்டது. ஈ விஷயத்தில் 1-ம் 5-ம் ஒன்றுதான், பிடித்தால் எர்த். அதனால் கேட்வே கூப்பிட்டது பி.பி.எக்ஸ்.ஸுக்குக் கேட்டது. திரும்பச் சொல்கிறபோதுதான் தகராறு: பி.பி.எக்ஸ். எம்மில் எர்த்தைக் கொடுத்துவிட்டு 'சொல்லியாச்சு' என்று உட்கார்ந்திருக்கிறது, கேட்வே பேட்டரி வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. நீயும் நானும் ஒரு வருடமும் ஏழு மாதமும் இருந்தது இப்படித்தானோ என்னவோ.

அந்தப் பெண் விடவில்லை. "எம்முன்னா மவுத், ஈன்னா இயர்னு படிச்சேன். அப்ப பி.பி.எக்ஸ். எம்மை கேட்வேயோட ஈ-யிலதானே கட்டணும்? வாயை வாயிலேயே கட்டினா எப்படி சார்?" நாம் முதல் வாரம் இதே கேள்வியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா? பெயர் இரண்டும் பி.பி.எக்ஸ். பக்கத்திலிருந்து வைத்தவை, எதிரே உட்கார்ந்திருக்கிற பெட்டி எம்மைக் கேட்கும், ஈ-யில் பேசும், அதனால் நேருக்கு நேர் கட்டு என்றேன். இரண்டு பி.பி.எக்ஸ்.ஸை முதுகோடு முதுகு சேர்த்தால்தான் குறுக்கே கட்ட வேண்டும், அதுவும் எல்லா டைப்பிலும் முடியாது, 5-ல் முடியும் என்றேன். "அப்ப எல்லாம் பி.பி.எக்ஸ். சொல்றதுதான் சட்டமா?" என்றாள். ஆமாம் தாயே. அப்புறம் பேட்டரி ஏன் மைனஸ் என்று ஆரம்பித்தாள். பிளஸ்ஸை எர்த் செய்தால் ஈரத்தில் கிடக்கிற செம்பு அரிக்காது என்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

சில்லறைத் தொல்லைகள் இரண்டு. குரல் ஜோடிகளை மாற்றிக் கட்டியதால் இரண்டாவது டிரங்கில் யாரும் யாரையும் கேட்க முடியவில்லை. ஐந்து நிமிட வேலை. இன்னொன்று, கீழேயிருந்து டயல் செய்தால் முதல் இலக்கம் தொலைந்துபோனது. கேட்வே 'இமீடியட்'டில், பிடித்த உடனே எண்ணை அனுப்பும்படி, இருந்தது, பி.பி.எக்ஸோ ஒரு விங்க் கொடுத்த பிறகுதான் எண்ணை வாங்கிக்கொள்ளும், 200 மில்லி செகண்ட் அளவுக்கு ஒரு கண்சிமிட்டல். சிமிட்டாமல் காரியம் ஆகாது. இந்த இடத்தில் உன் ஞாபகம் வந்தது. ஏன் என்று எழுத மாட்டேன், இந்தக் கடிதத்தை உன் மனைவியும் படிப்பாள்.

இனிமேல்தான் நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

நான்கும் ஓடுகிறது என்று கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவள், கைபேசி மாதிரியே பட்டினை, அதாவது நம் டெஸ்ட் போனை, பிடித்துக்கொண்டு, "சார், மூணாவதுல கொர்ருன்னு வருது. நடுவுல டக்கு டக்குன்னு வேற" என்றாள். வாங்கிக் காதில் வைத்தேன். சுத்தமாக இருந்தது. "ஒண்ணுமில்லையேம்மா." அவள் வாங்கிக் கேட்டாள். "இருக்கு சார்." நான் வாங்கிக் கேட்டேன். இல்லை. கேபிள் பழசு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அதை என் வலது காதில் கொண்டுவந்து வைத்தாள்.

இருந்தது, மாப்ள. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் மாதிரி இரைச்சல். நான்காவது டிரங்கை யாராவது பிடிக்கும்போதும் விடும்போதும் ஒரு 'டக்'. என் வலது கை எப்போதும் பஞ்ச் டூலுக்கு, டெஸ்ட் போன் எப்போதும் இடது காதுக்கு. இத்தனை வருடமும் அப்படித்தான். அந்த இடது காதில் அத்தனை இரைச்சலும் விழவில்லை.

தப்பு எங்கே என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஸ்ப்ளிட் பேர். ஒன்பதாவது ஜோடியும் பத்தாவது ஜோடியும். சிவப்பில் பழுப்புக் கோடு, சிவப்பில் சாம்பல் கோடு. இரண்டின் சிவப்பையும் மேலே மாற்றிப் போட்டிருக்கிறேன். மூன்றாவது டிரங்கின் குரலில் ஒரு காலும் நான்காவதின் சிக்னலில் ஒரு காலும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கின. கீழே வெளிச்சம் போதாமல் நிறத்தை நம்பாது பஸ்ஸர் வைத்து ஒவ்வொரு கம்பியாகத் தேடிக் கட்டியதால், மேலே செய்த தப்பைக் கீழேயும் ஒழுங்காகச் செய்துவிட்டேன். கன்டினியூட்டி சரி, வோல்டேஜ் சரி, மீட்டரில் எல்லாமே சரி. இந்தத் தப்பைக் காதுதான் பிடிக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்துக்குப் பிறகு நான் ஸ்ப்ளிட் போட்டதே இல்லை. நீ போட்டிருக்கிறாய், இரண்டு தடவை, தேதி வேண்டுமானால் சொல்கிறேன்.

பிரித்துத் திரும்பக் கட்டினேன். இரைச்சல் போய்விட்டது என்றாள். போய்விட்டதா என்று நான் சரிபார்க்கப் போனபோது அவள் வலது பக்கமாக வந்து நின்று கொடுத்தாள். அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் பேசவில்லை.

டி.வி. சத்தத்துக்கு இரண்டு வருடமாக வீட்டில் சண்டை. டி.வி.யில் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நான்தான் சாதித்துக்கொண்டிருந்தேன், கார்டு போச்சு என்று சொன்ன அதே வாயால். வியாழக்கிழமை காது டாக்டரிடம் போகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நீயும் உளறிவைக்காதே. நீ காதில் மெஷின் வைத்தபோது உன்னை எவ்வளவு கேலி செய்தேன் என்பது நினைவிருக்கிறது. வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்று சொல்: முதலில் எந்தச் சத்தம் போனது உனக்கு? மெஷின் வைத்த பிறகு டயல் டோன் பழையபடி கேட்கிறதா, இல்லை வேறு ஏதோ மாதிரி இருக்கிறதா?

அப்புறம், உன் நீல நோட்டில் நான்கு வயர் குரல் லெவல் எல்லாம் எழுதி வைத்திருந்தாயே, உள்ளே மைனஸ் 16, வெளியே பிளஸ் 7, நடுவில் எந்த இடத்தில் லெவலைக் குறைக்க எத்தனை டெசிபல் பேட் என்று. அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பு. அந்தப் பெண் கேட்கிறாள், எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. நோட்டைத் தேட முடியாது என்று சாக்கு சொல்லாதே, பரணில் ரிலே டப்பாவுக்கு அடியில்தான் இருக்கும்.

போன் செய்வதானால் சாயங்காலம் செய். வலது காதில் வைத்துக்கொள்கிறேன்.

உன்,
'கார்டு போச்சு'