நத்து கசாப்புக்காரன் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாவல்களைத் தழுவிய தூர்தர்ஷன் தொடர்கள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், தேசப் பிரிவினைக் காலக் கலவரத்தைச் சொல்லும் 'தமஸ்' என்ற இந்தித் தொடரில் நடிகர் ஓம் பூரி ஏற்ற நத்துவை "கசாப்புக்காரன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் தோல் தொழிலாளி. செத்த விலங்கின் தோலை உரிப்பவன். பன்றியைக் கொன்று பழக்கமில்லை என்று மன்றாடுகிறவனிடம் ஐந்து ரூபாயைத் திணித்து, கால்நடை மருத்துவருக்கு வேண்டும் என்று பொய் சொல்லிக் கொல்ல வைக்கிறார்கள். அவன் கசாப்புக்காரன் என்றால் கதையே இல்லை. பீஷ்ம சாஹ்னியின் நாவலைத் தாங்கள் படிக்காமலா இருப்பீர்கள்? பிறகு எப்படி இது அச்சேறியது?

தென்னகச் சிற்றூர்களில் இத்தொடர் யாருக்கும் புரிந்திருக்காது என்றும் ஒரு வரி. 1988 தொடக்கத்தில் ஆம்பூரில் எங்கள் தெருவுக்கே ஒரு டிவிதான், எதிர் வீட்டு பாய் வீட்டில். என் அப்பா தோல் தொழிற்சாலையின் சுண்ணாம்புக் குழியில் நின்றவர்; நகக்கண்ணெல்லாம் வெந்திருக்கும். இந்தியில் ஒரு சொல் தெரியாது. அந்த வீட்டுப் பாட்டியம்மா உருது பேசுபவர். பன்றியைக் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார், எழுந்து போகவில்லை. கடைசிவரை எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். சீக்கிய முதியவருக்கு ஒரு முஸ்லிம் பெண் அடைக்கலம் தரும் இடத்தில் மட்டும் அவருக்குப் பேச்சு வரவில்லை. அந்த முதியவராக நடித்தவர் நாவலாசிரியரேதான். கத்தியோடு நத்து திணறுவதைப் பார்த்து அப்பா, "அது வெட்டுகிற கையில்லை, உரிக்கிற கை" என்றார். அவருக்கா புரியவில்லை?

தொடருக்குத் தடை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். நத்துவின் தொழிலைச் சரியாக எழுத ஒரு சொல்தானே தேவைப்பட்டது!

எங்கள் பக்கத்தைப் பற்றித் தங்கள் இதழில் வருவதெல்லாம் பாலாற்றில் கலக்கும் தோல் கழிவுதான். கழிவு உண்மை, எங்கள் கிணறும் கெட்டது. அந்தக் குழிகளில் நின்று கால் வெந்தவர்களைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் ஒரு பக்கம் வந்ததுண்டா? மு.வ.வைப் பற்றி எழுதியபோதும் வாலாஜாவை அடுத்த வேலம் அவருடைய சொந்த ஊர் என்பது விடுபட்டிருந்தது. அப்போது நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை இரண்டு வரியாக வெட்டிப் போட்டீர்கள். பொறுத்துக்கொண்டேன். இது அப்படியல்ல.

அடுத்த இதழில், கடைசிப் பக்கத்தின் மூலையிலாவது, "நத்து தோல் தொழிலாளி" என்று ஒரு வரி திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தோல் தொழிலாளி ஒருவரின் மகள்,
ஆம்பூர்